பன்னிரண்டாம் மாடியில் இரண்டு மொழிகள்

என் மகளுக்குப் பயம் எந்த மொழியில் வருகிறது?

இதைச் சொன்னால் என் கணவர் சிரிப்பார். "பயத்துக்கென்ன பாஷை? பயந்தால் அழவேண்டியதுதானே" என்பார். அழுதால் எனக்கும் கேள்வி இல்லை. மூன்று வயதாகப்போகிற பிள்ளை அழாமல், கத்தாமல், வாயை இறுக்கி மூடிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்தச் சொல்லைச் சொல்லித் தேற்றுவது? எந்தச் சொல் அவளுக்குள் போய் இறங்கும்? இதை எழுதும் இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

நாங்கள் ஸ்காபரோவில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் ஆறாம் மாடியில் இருக்கிறோம். கணவருக்குப் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் வேலை. விடியமுதலே தன்னுடைய காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் மார்க்கத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருக்கிறேன். மகளுக்கு ஒரு வயது முடிந்ததும் நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பிள்ளைகளைப் பார்க்கிற டேகெயார்களில் எல்லாம் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் எங்கள் கட்டடத்து லிஃப்றில் ஒரு பெண் என்னோடு கதை கொடுத்தாள். பன்னிரண்டாம் மாடியில் தன் வீட்டிலேயே நாலு பிள்ளைகளைப் பார்ப்பதாகவும் ஓர் இடம் காலியாவதாகவும் சொன்னாள். என் வயதுதான் இருக்கும். அவள் மொங் இனத்தவள். தாய் தகப்பன் லாவோசில் இருந்து அகதிகளாக வந்து கிச்சினரில் குடியேறியவர்கள். அவளுடைய கணவர் வியட்நாமியர். கணவரின் கலியாணம் செய்யாத அக்காவும் அதே வீட்டில் இருக்கிறார்.

இரண்டு பெண்களும் சேர்ந்துதான் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். தங்களுக்குள் ஆங்கிலம் பேசுவார்கள். பிள்ளைகளோடு மட்டும் ஆளுக்கொரு மொழி. சோறு தீத்துவது, முகம் கழுவுவது, சப்பாத்துப் போடுவது எல்லாம் மொங்கில். நித்திரையாக்குவது, பாட்டு, பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போவது வியட்நாமியத்தில். யாரும் இருந்து திட்டம் போட்டதல்ல, அப்படி அமைந்துவிட்டது. வீடு சுத்தமாக இருந்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மகளை விட்டேன். விட்டது சரியா என்று அன்றைக்கு லிஃப்றில் இறங்கும்போதே யோசித்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இரண்டு வயது கடந்தும் அவளிடம் சொற்கள் கொஞ்சம்தான் இருந்தன. பால், வா, அங்கை, வேண்டாம். மற்றதெல்லாம் இராகம். ஒரு சத்தத்தை மேலே தூக்குவாள், சடாரென்று கீழே போடுவாள், நடுவில் நிறுத்தி ஒரு மூச்சு விடுவாள். குளிக்க வார்க்கும்போது அவள் தன்பாட்டில் பாடுவதைக் கேட்டு நான் தண்ணீர் வார்ப்பதை நிறுத்தியிருக்கிறேன். இது பேச்சா? அல்லது பேச்சு வராத பிள்ளைகள் போடுகிற சத்தமா? பேச்சு என்றால் எந்தப் பேச்சு?

அப்படித்தான் நான் இரண்டு மொழிகளையும் ஒப்பிடத் தொடங்கினேன். வேலையில் சாப்பாட்டு இடைவேளையில் காருக்குள் போய் இருந்துகொண்டு, முதலில் ஒரு மொங் பெண் கதை சொல்லும் வீடியோ, பிறகு ஒரு வியட்நாமியப் பெண் கதை சொல்லும் வீடியோ, பிறகு கைத்தொலைபேசியில் நான் பிடித்துவைத்த மகளின் சத்தம். மூன்றையும் மாறி மாறிக் கேட்பேன். பழைய பழக்கம், பள்ளிக்கூடத்திலும் விளங்காத பாடத்தைத்தான் கூடப் படிப்பேன்.

வெளியில் நின்று கேட்டால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அண்டை நாட்டுக்காரர்கள், உறவாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. வியட்நாமிய மொழியின் தூரத்துச் சொந்தம் கம்போடியாவில் பேசுகிற கெமர் மொழி. மொங் சீனாவின் தெற்கு மலைகளில் இருந்து இறங்கிவந்த சனத்தின் மொழி, அதற்கு வேறு குடும்பம். ஆனால் இரண்டிலும் ஒரு சொல்லைக் குரலின் எந்த உயரத்தில் பிடிக்கிறோம் என்பதில்தான் பொருள் இருக்கிறது. இரண்டையும் ஆங்கில எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள். வியட்நாமியர் குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்ட எழுத்துக்கு மேலேயும் கீழேயும் கீறும் புள்ளியும் போடுவார்கள். மொங்கில் சொல்லின் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்துவிடுவார்கள். அதை வாயால் சொல்வதில்லை. குரலைத் தூக்கு, இறக்கு, மூச்சோடு விடு என்று சொல்வதற்காக மட்டும் அது அங்கே நிற்கும். வியட்நாமியத்தில் அந்த வீட்டு அக்காவும் பிள்ளையும் பேசினால் நான், நீ என்று பேச்சு வராது. அக்கா தன்னை அத்தை என்பார், பிள்ளையைப் பிள்ளை என்பார். மொங்கில் நான் என்றால் நான்தான், நீ என்றால் நீதான், கிழவருக்கும் குழந்தைக்கும் அதே சொல்.

இவ்வளவையும் படித்து எனக்கு என்ன கிடைத்தது? என் மகளின் சத்தத்தில் ஒன்று மொங் போல இருந்தது, ஒன்று வியட்நாமியம் போல இருந்தது, பாதி எதுவுமே போல இல்லை. அந்தப் பாதிதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

பிறகு பிள்ளைகளின் வளர்ச்சி பார்க்கிற நேர்சிடம் கொண்டுபோனேன். நல்ல மனுசி. மகளை நிலத்தில் விளையாட விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் நின்று அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மகள் திரும்பவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். மகள் மரக்கட்டை ஒன்றை இன்னொன்றுக்கு மேலே வைத்தாள்.

"சொற்கள் குறைவு என்பது மட்டும் என்றால் பொறுத்துப் பார்க்கலாம்," என்றார். "ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது நான் கவனிக்கிற விஷயம். நிபுணரிடம் அனுப்புகிறேன். சில மாதம் எடுக்கும். பயப்படாதீர்கள்."

பயப்படாதீர்கள் என்று யாராவது சொன்னால் அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் சரியாகத் தொடங்கும். காருக்குள் ஏறியதும் அந்த அறிகுறி எதற்கானது என்று தேடினேன். ஓட்டிசம் என்று வந்தது. தேடியிருக்கக் கூடாது.

அடுத்த கிழமை பிக்கரிங்கில் என் மச்சாள் வீட்டில், அதாவது கணவரின் அக்கா வீட்டில், ஒரு பிறந்தநாள். ரோல்ஸ் தட்டோடு மச்சாள் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"என்ன, உம்மட மகள் இன்னும் சைனீஸ்தான் கதைக்கிறாவோ?"

"சைனீஸ் இல்லை மச்சாள். ஒராள் மொங், மற்றவ வியட்நாம்."

"எல்லாம் ஒண்டுதான். ஒண்டு மெல்லிசு நூடில்ஸ், மற்றது தடிச்ச நூடில்ஸ்."

பல்கலைக்கழகத்தில் படிக்கிற மச்சாளின் மகள் தலையைத் தூக்கினாள். "அம்மா! தட்ஸ் சோ ரேசிஸ்ற்!"

"நீ பேசாமல் இரு. உனக்குத் தமிழே வராது."

"எனக்கு எல்லாம் விளங்கும்."

"ஓம், விளங்கும். வாயைத் துறந்தால் வராது. அதைத்தான் நான் உவவுக்குச் சொல்லுறன்." மச்சாள் என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "இஞ்சை பாரும். பகிடிக்குச் சொல்லேல்லை. இவளோட மனசு விட்டுக் கதைக்க எனக்கு இங்கிலீஷ் காணாது, அவளுக்குத் தமிழ் காணாது. உம்மட பிள்ளைக்கு நாலு பாஷையைக் குடுத்து ஒண்டிலையும் நிக்க விடாமல் செய்யாதையும். ஒரு இங்கிலீஷ் டேகெயாரில போடும். மிச்சத் தமிழை வீட்டில நீர் பாத்துக்கொள்ளும்."

மச்சாள் கெட்டதுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் அது உள்ளே போய்த் தைத்தது. திங்கட்கிழமையே என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு டேகெயாரின் காத்திருப்பில் மகளைச் சேர்த்துவிட்டேன். பன்னிரண்டாம் மாடியில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நெருப்பு அலாரம். கார்த்திகை மாதக் குளிர். வேலையால் வந்து காரை நிறுத்தும்போது எங்கள் கட்டடத்துக்கு வெளியே சனம் நிற்கிறது, தீயணைப்பு வண்டியின் சிவப்பு வெளிச்சம் சுவரெல்லாம் சுழல்கிறது. காரை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போனேன். வாசல் பக்கத்தில் நாலு பிள்ளைகளையும் போர்வையால் சுற்றிக்கொண்டு இரண்டு பெண்களும் நின்றார்கள். யாரோ சட்டியை அடுப்பில் மறந்துவிட்டார்களாம். நெருப்பே இல்லை.

"லிஃப்ற் நின்றுவிட்டது," என்றாள் மொங் பெண். "படியால் இறங்கினோம். படிக்கட்டுக்குள் அந்தச் சத்தம்..." அவள் இரண்டு காதுகளையும் பொத்திக் காட்டினாள்.

என் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர் வியட்நாமிய அக்கா. பாதி வழியில் யாரோ பெரிய பையோடு இடித்ததில் பிள்ளையோடு படியில் விழுந்து இருந்துவிட்டாராம். "அடி ஒன்றும் இல்லை. நன்றாகப் பார்த்தேன். ஆனால் அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதி." தன் நெஞ்சில் தட்டிக்கொண்டு, "ஹூ ஹோன், ஹூ ஹோன்" என்றார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும், வீடியோக்களில் கேட்டிருக்கிறேன். உயிரைக் கூப்பிடு என்று அர்த்தம். ஆனால் வியட்நாமியத்தில் அது வாய்ப்பழக்கமாகத் தேய்ந்துபோன சொல், பஸ்ஸைத் தவறவிடப் பார்த்தாலும் சொல்வார்கள். எனக்கு உயிர் போய் வந்தது என்று நாங்கள் சொல்வதில்லையா, அதைப்போல. மொங் பெண் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அவளுடைய மொழியில் பயந்துபோனவரின் உயிர் கீழே விழுந்துவிடும். விழுந்த இடத்திலேயே கிடக்கும். அவர்களுக்கு அது சொல்லளவில் இல்லை, ஒரு வருத்தத்தின், நோயின் பெயர்.

அன்றைக்கு இருந்து என் மகள் பேசவில்லை. பால் இல்லை, வா இல்லை, வேண்டாம் இல்லை. குளிக்க வார்க்கும்போது இராகமும் இல்லை. சாப்பாடு தீத்தினால் வாயைத் திறப்பாள். நடப்பாள். படுப்பாள். கேத்தில் கொதித்துச் சத்தம் போட்டால் அப்படியே நிற்பாள், கண் மட்டும் பெரிதாகும். நான் தமிழில் சொன்னேன், ஒன்றுமில்லையம்மா என்று. ஆங்கிலத்தில் சொன்னேன். வெட்கத்தை விட்டு, வீடியோவில் படித்த வியட்நாமியத் தாலாட்டில் ஒரு வரியைக்கூடச் சொல்லிப் பார்த்தேன். அவள் என் வாயைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

குடும்ப வைத்தியர் காதையும் தலையையும் பார்த்தார். காயம் இல்லை, பயம் போலத்தான் இருக்கிறது, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு கிழமையில் மாறாவிட்டால் திரும்ப வாருங்கள் என்றார். மச்சாள் எங்களைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐயர் மந்திரித்து மகளின் கையில் நூல் கட்டினார். அதே கிழமை மார்க்கம் டேகெயாரில் இருந்து அழைப்பு வந்தது: "இடம் ஒன்று வந்திருக்கிறது. மாத முடிவுக்குள் பதில் சொல்லுங்கள். இதை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது."

கணவரிடம் சொன்னேன். "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்டார். நான் என்ன நினைக்க வேண்டும் என்பதைத்தான் நான் அவரிடம் கேட்டிருந்தேன்.

மகளின் கையில் இருந்த நூலை முதலில் கண்டது மொங் பெண். "உங்களிடமும் இருக்கிறதா இது!" என்று அந்தச் சின்னக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். தன்னுடைய அம்மா சொல்கிறாராம், பிள்ளையின் உயிர் படிக்கட்டில் விழுந்திருக்கும், போய்க் கூப்பிட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று. "நீங்கள் விரும்பாவிட்டால் வேண்டாம். எனக்கே முழுதாகத் தெரியாது. நான் கிச்சினரில் ஹொக்கி பார்த்து வளர்ந்தவள்."

"எத்தனை உயிர் விழுந்ததாம்?" என்று கேட்டார் வியட்நாமிய அக்கா, சோபாவில் உடுப்பு மடித்துக்கொண்டு.

"அம்மா மூன்று என்கிறா. மாமா இன்னும் கூட என்கிறார்."

"பெண்பிள்ளைக்கு மூன்று பெரியது, ஒன்பது சின்னது. எங்களுக்கு எல்லாம் கணக்காக இருக்கிறது. உங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு." அக்கா என்னைப் பார்த்தார். "தமிழில் எத்தனை?"

"ஒன்று," என்றேன்.

"ஒன்றுதானா?" மடித்த உடுப்பை அப்படியே வைத்துவிட்டார். "அப்படியென்றால் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்."

அவர் பகிடியாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அது என் தலைக்குள் இருந்தது. ஐயர் கட்டிய நூலும் இவர்கள் செய்வதும் ஒன்றோடொன்று முட்டுமா? செய்தால் பிழையாகுமா, செய்யாமல் விட்டால் பிழையாகுமா? மச்சாளுக்குத் தெரிந்தால்? வைத்தியருக்குத் தெரிந்தால்? கணவர் மட்டும் ஒரு கேள்விதான் கேட்டார்: "கோழி ஒண்டும் வெட்டமாட்டினம்தானே?"

"முட்டை மட்டும்தானாம்."

"அப்ப செய்யட்டும்."

சனிக்கிழமை காலையில் நாங்கள் படிக்கட்டுக்குள் போனோம். மொங் பெண்ணின் கையில் ஒரு கிண்ணம் அரிசி, அரிசிக்கு மேலே ஒரு முட்டை, மூன்று சந்தனக்குச்சி. குச்சியைக் கொளுத்தவில்லை. கொளுத்தினால் திரும்பவும் அலாரம் அடிக்கும், கட்டடம் முழுக்க இன்னொரு முறை இறங்க வேண்டிவரும் என்று நான்தான் கெஞ்சினேன். வியட்நாமிய அக்கா விழுந்த இடத்தைக் காட்டினார். எங்கள் மாடிக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு மாடிக்கு நடுவில் ஒரு திருப்பம், சாம்பல் நிறச் சுவர். மகளை என் முன்னால் நிற்க விட்டேன். அந்த இடத்தைக் கண்டதும் அவளுடைய தோள் இரண்டும் மேலே ஏறிக்கொண்டன. கூட்டிவந்தது பிழை, திரும்பிப் போகலாம் என்று வாய்வரைக்கும் வந்தது.

மொங் பெண் கைத்தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுப் படியில் வைத்தாள். கிச்சினரில் இருந்து அவளுடைய அம்மா ஒரு வரி சொல்ல, இவள் அதைத் திரும்பச் சொன்னாள். அது பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. நீளமாக, ஏறி இறங்கி, வெறும் படிக்கட்டில் சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்பிவந்தது. வா, வீட்டுக்கு வா என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது. நடுவில் இவள் எங்கேயோ குரலைத் தப்பாகப் பிடித்துவிட்டாள் போல. தொலைபேசிக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"ஏசுகிறா," என்றாள் என்னிடம், சிவந்துபோய்.

கீழே இருந்து உடுப்புக் கூடையோடு ஒரு மனிதர் ஏறிவந்தார். எங்களையும் முட்டையையும் பார்த்தார். "லிஃப்ற் திரும்பவும் பழுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

"இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்," என்றாள் மொங் பெண். "அவளுடைய பெயர்."

நான் பெயரைச் சொன்னேன். நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்து, எண்சாத்திரக்காரர் ஒருவரிடம் இரண்டு முறை கூட்டிக் கழித்து, என் கணவரின் பெயரோடு சேர்ந்தும் நல்ல எண் வரும்படி வைத்த நீளமான பெயர். அவள் அதைத் தன்னால் முடிந்த மட்டும் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டாள். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேர்சின் அறையில் நின்றதுபோலவே.

"இந்தப் பெயருக்கு அவள் திரும்புவாளா?" என்று கேட்டாள். "வீட்டில் இப்படித்தானா கூப்பிடுவீர்கள்?"

நாங்கள் அப்படிக் கூப்பிடுவதில்லை. யாருமே கூப்பிடுவதில்லை. அந்தப் பெயர் கடவுச்சீட்டில் இருக்கிறது, மருத்துவ அட்டையில் இருக்கிறது.

"வீட்டில் 'அம்மா' என்று கூப்பிடுவேன்," என்றேன்.

"யாரை?"

"மகளை."

"மகளை அம்மா என்றா? அப்படியென்றால் உங்களை அவள் எப்படிக் கூப்பிடுவாள்?"

"என்னையும் அம்மா என்றுதான்." தமிழில் சொன்னால் எவ்வளவு சாதாரணம். அந்தப் படிக்கட்டில் ஆங்கிலத்தில் சொல்லும்போது எனக்கே பைத்தியமாகத் தெரிந்தது. "அவளுடைய அப்பா 'குஞ்சு' என்பார். அது பறவையின் பிள்ளை."

வியட்நாமிய அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "நாங்களும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை," என்றார். "நீளம். அதைவிட, சின்னப் பிள்ளையை நல்ல பெயர் சொல்லிக் கூப்பிடுவது நல்லதில்லை என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு. வேண்டாதது ஏதாவது கேட்டுக்கொண்டிருக்கும். நான் அவளுக்குச் சோளப்பொத்தி என்று பெயர் வைத்திருக்கிறேன்." அவர் அந்தச் சொல்லைத் தன் மொழியில் ஒரு முறை, மெதுவாகச் சொன்னார்.

மகள் திரும்பினாள்.

சந்தோசப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. எனக்கு வந்தது பயம்தான். எனக்குத் தெரியாத ஒரு பெயருக்கு என் பிள்ளை திரும்புகிறாள். நான் வைத்த பெயருக்குத் திரும்பவில்லை. தொலைபேசிக்குள் இருந்து கிச்சினர் அம்மா என்னவோ கேட்டார். "உங்களையும் கூப்பிடச் சொல்கிறா," என்றாள் மொங் பெண். "நீங்கள் கூப்பிடுகிற மாதிரியே. நானும் அக்காவும் உங்களோடு கூப்பிடுகிறோம்."

மூன்று பேரும் கூப்பிட்டோம். "வாங்கோ அம்மா, வீட்டை வாங்கோ" என்று நான் சொன்னது அந்தச் சுவரில் மோதி, அவர்களுடைய குரல்களோடு கலந்து எனக்கே திரும்பிவந்தது. மகள் வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். பேசவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு, கூப்பிடுவதை விடாமல் ஆறாம் மாடிக்கு இறங்கினோம். வாசலுக்கு வந்ததும், உள்ளே இருப்பவர் வரவேற்க வேண்டும் என்றது தொலைபேசி. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கணவர் நின்றார். காலையில் இருந்து பகிடி விட்டுக்கொண்டிருந்த மனிதர். "வாங்கோ குஞ்சு," என்றார். மகளை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டார்.

முட்டையை அவித்து உடைத்து, படம் எடுத்து அனுப்பச் சொன்னார் கிச்சினர் அம்மா. உள்ளே வெள்ளைக்கரு எப்படி இருக்கிறது என்று பார்த்து, உயிர் வந்ததா இல்லையா என்று சொல்வார்களாம். அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. மொங் பெண் வாசித்துச் சொன்னாள்: "நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறாவாம். படம் தெளிவில்லையாம்."

இரண்டு மூன்று நாள் கழித்து, சீப்பால் தலை இழுக்கும்போது மகள் "நோ" என்றாள். தெளிவான ஆங்கிலம். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். பிறகு பால் வந்தது. பிறகு குளிக்கும்போது இராகம். கேத்தில் சத்தத்துக்கு இன்னும் அப்படியே நிற்கிறாள்.

நேர்சைக் கூப்பிட்டுப் பெயர் விஷயத்தைச் சொன்னேன். "அப்படியென்றால் நான் கூப்பிட்டது அவளுக்கு யாரோ ஒருவருடைய பெயர்," என்றார். "இதைச் சொன்னது நல்லது. நிபுணரிடமும் சொல்லுங்கள். ஆனால் சோதனை நடக்கட்டும். நான் கவனித்த ஒன்றுக்குத்தான் இது விளக்கம். சொற்கள் குறைவு என்பது அப்படியே இருக்கிறது." சரியாகத்தான் சொன்னார். ஒரு பயத்தை எடுத்துக்கொண்டு மற்றதை என்னிடமே விட்டுவிட்டார்.

வருகிற வெள்ளிக்கிழமையோடு மாதம் முடிகிறது, மார்க்கம் டேகெயாருக்குப் பதில் சொல்ல வேண்டும். அங்கே போய்ப் பார்த்தேன். வெளிச்சமான அறைகள், படித்த ஆசிரியைகள். ஒவ்வொரு பிள்ளையின் கோட்டுக் கொழுவியிலும் பதிவில் உள்ள பெயர் எழுதியிருக்கிறது, அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இப்போதைக்கு அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது. பழக்கலாம் என்கிறார் மச்சாள். ஒரு கிழமைப் பாடு என்கிறார். இருக்கலாம். ஆனால் ஒரே கிழமையில் அறை புதிது, மொழி புதிது, பெயரும் புதிது என்று அவளைக் கொண்டுபோய் விட்டால், அந்த வாய் திரும்பவும் மூடிக்கொள்ளுமோ என்று பயப்படுகிறேன். பன்னிரண்டாம் மாடியிலேயே விட்டால், பள்ளிக்கூடம் தொடங்கும்போது மூன்று மொழிகளில் அரைவாசி அரைவாசியாக நின்று, மச்சாளின் மகளைப்போல எல்லாம் விளங்கி எதுவும் வராமல் போவாளோ என்றும் பயப்படுகிறேன். அந்த இரண்டு பெண்களுக்கும் இன்னும் நான் ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுக் காலையில் மொங் பெண், வருகிற கோடையில் மகளுக்கு என்ன சாப்பாடு பழக்கலாம் என்று என்னிடம் கேட்டாள்.

இதை வாசிக்கிறவர்களில் பலர் இந்த ஊரில் பிள்ளை வளர்த்திருப்பீர்கள். வேற்று மொழிக்காரர் வீட்டில் பிள்ளையை விட்டிருப்பீர்கள், அல்லது விடாமல் இருந்திருப்பீர்கள். உங்கள் பிள்ளை சரியாகப் பேசுகிறதா என்று நானும் உங்களிடம் கேட்கமாட்டேன், அந்தக் கேள்வி எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்றைத்தான் கேட்கிறேன். பேசப் பிந்திய, பயந்த பிள்ளையை அவள் நம்புகிற கைகளில் இருந்து எடுத்து வேறிடத்தில் விட்டவர்கள் இருந்தால், அதை எப்படிச் செய்தீர்கள்? கொஞ்சம் கொஞ்சமாகவா, ஒரேயடியாகவா? விடாமல் வைத்திருந்தவர்கள், பிறகு அதற்காக வருந்தினீர்களா? அனுபவத்தில் கண்டதை மட்டும் எழுதுங்கள், தேடி எடுத்ததை நானே நிறைய வாசித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதினால் உதவியாக இருக்கும். பிந்தினாலும் எழுதுங்கள்.